பெட்டியும் ஒரு நேர்கோடும்: ‘ஜோங்’ என்ற சீன எழுத்தை எழுதவும் பயன்படுத்தவும்

சீனம் படிக்கலாம் என்று நினைப்பவர்களை முதலில் மிரட்டுவது எண்ணிக்கைதான். சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 8105 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் அடிக்கடி வருபவை என்று முதல் படியில் வைக்கப்பட்டவை மட்டும் 3500. 247 எழுத்துகளோடு பள்ளியை முடித்த நமக்கு இது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 8105 எழுத்துகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 8105 படங்கள் அல்ல. சில நூறு உறுப்புகள் திரும்பத் திரும்பச் சேர்ந்துதான் அத்தனையும் உருவாகின்றன. அதனால் தொடக்கத்திலேயே நூறு எழுத்துகளை மேலோட்டமாக மனப்பாடம் செய்வதைவிட, ஒன்றை எடுத்துக்கொண்டு கை, காது, வாய் மூன்றுக்கும் பழக்குவதே சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஒன்றாக நான் பரிந்துரைப்பது ‘ஜோங்’. பொருள்: நடு. அகலமான ஒரு பெட்டி; அதன் நடுவே மேலிருந்து கீழாகத் துளைத்துக்கொண்டு இறங்கும் ஒரு நேர்கோடு. உருவம் அவ்வளவுதான். அச்சுச் சீனத்தில் மிக அதிகமாக வரும் முதல் இருபது எழுத்துகளுக்குள் இது வந்துவிடும். சீனா என்ற நாட்டின் பெயரே இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது: ‘ஜோங்குவோ’, அதாவது நடுநாடு.

எழுதும் முறை

பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் போடுவதை ஒரு கோடு என்று எண்ணுவது சீன வழக்கம். கோடு நடுவில் மடங்கித் திரும்பினாலும், பேனா தூக்கப்படாதவரை அது ஒரே கோடுதான். இந்தக் கணக்கில் ‘ஜோங்’ நான்கு கோடுகள் கொண்டது. பெட்டிக்கு நான்கு பக்கம், நடுவில் ஒன்று, ஆக ஐந்து என்று கணக்குப் போடத் தோன்றும். பெட்டியின் மேல்பக்கமும் வலப்பக்கமும் ஒரே இழுப்பில் முடிந்துவிடுவதால்தான் ஒன்று குறைகிறது.

முதல் கோடு, பெட்டியின் இடப்பக்கம். மேலிருந்து கீழே இறங்கும் குட்டைக் கோடு. இரண்டாவது கோடு அந்த இடப்பக்கத்தின் தலையில் தொடங்கி வலப்புறம் சென்று, மூலையில் ஒரு கணம் அழுத்தி, மடங்கிக் கீழே இறங்கும். மூன்றாவது, பெட்டியின் அடியை மூடும் படுக்கைக் கோடு, இடமிருந்து வலம். இப்போது கையில் இருப்பது வெறும் பெட்டி. அதுவும் தனி எழுத்துதான்: ‘கோ’, வாய் என்று பொருள். ஆக, ‘ஜோங்’ எழுதும் வழியிலேயே இன்னோர் எழுத்தும் கைக்கு வந்துவிட்டது. நான்காவதாக, பெட்டிக்கு மேலே தொடங்கி, பெட்டியை இரு சம பாகமாகப் பிரித்து, அடியையும் தாண்டி நேராக இறங்கும் நீண்ட கோடு.

சீனத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் காற்றில் விரலால் எழுதிக்கொண்டே கோடுகளின் பெயரை உரக்கச் சொல்வார்கள். நிற்கும் கோடு ‘ஷூ’, படுக்கைக் கோடு ‘ஹெங்’, படுத்து மடங்கும் கோடு ‘ஹெங்ஜெ’. ஆக ‘ஜோங்’ எழுத வாய் சொல்லவேண்டியது: ஷூ, ஹெங்ஜெ, ஹெங், ஷூ. வெட்கப்படாமல் சொல்லிப் பாருங்கள். கையும் வாயும் சேர்ந்து பழகியது எளிதில் மறக்காது.

வரிசை மாறினால் என்ன, கடைசியில் உருவம் ஒன்றுதானே என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அச்சுப்போல் நிதானமாக எழுதும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாதுதான். வேகமாக எழுதும்போதுதான் தெரியும். சீனர்கள் அன்றாடம் எழுதும் ஓட்டெழுத்தில் பேனா முழுதாகத் தூக்கப்படுவதில்லை. ஒரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு மெல்லிய இழை ஓடும். வரிசை தெரிந்தவருக்கு அந்த இழை எங்கிருந்து எங்கே போகிறது என்று புரியும். தெரியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். கைபேசித் திரையில் விரலால் எழுதி அகராதியில் சொல் தேடும்போதும், சரியான வரிசையில் எழுதினால் கருவி சட்டென்று கண்டுகொள்ளும். நடுவில் ஊடுருவும் நிற்கும் கோடு கடைசியில் வரும் என்பது இந்த எழுத்துக்கு மட்டுமான விதியும் அல்ல. இதுபோல் ஊடுருவும் பல எழுத்துகளுக்கு இதே விதிதான்.

இனி அழகு. சீன எழுத்துப் பயிற்சி ஏடுகளில் கோடு போட்ட தாளுக்குப் பதில் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு புள்ளிக்கோடுகள் ஓடும். எழுத்தில் இரண்டு கோடு இருந்தாலும் இருபது கோடு இருந்தாலும், எடுத்துக்கொள்ளும் இடம் ஒரே கட்டம்தான். ‘ஜோங்’ பழக இந்தக் கட்டம் மிக உதவும். ஏனென்றால் அதன் நான்காவது கோடு, கட்டத்தின் நிற்கும் புள்ளிக்கோட்டின் மேலேயே அமரவேண்டும். மயிரிழை விலகினாலும் எழுத்து சாய்ந்ததுபோல் தெரியும்.

புதிதாக எழுதுபவர்களின் கையில் இந்த எழுத்து பெரும்பாலும் மூன்று வகையில் கெடுகிறது. ஒன்று, பெட்டியை உயரமாகப் போட்டுவிடுவது. பெட்டி அகலத்தில் கூடியும் உயரத்தில் குறைந்தும் இருக்கவேண்டும். அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிடச் சற்றே ஒடுங்கினால் இன்னும் நல்லது. இரண்டு, நடுக்கோட்டை மேலும் கீழும் சமமாக நீட்டுவது. பெட்டிக்கு மேலே தெரியும் பகுதி குறைவாகவும் கீழே தொங்கும் பகுதி நீளமாகவும் இருந்தால்தான் எழுத்து நிமிர்ந்து நிற்கும். மூன்று, கோட்டின் முடிவில் இடப்பக்கம் கொக்கி போடுவது. வேறு பல எழுத்துகளில் கொக்கி உண்டு, இதில் இல்லை.

அந்தக் கடைசிக் கோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. தூரிகையில் எழுதுபவர்கள் நிற்கும் கோட்டை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். முனை உருண்டு முடிந்தால் ‘தொங்கும் பனித்துளி’. முனை மெலிந்து கூராக முடிந்தால் ‘தொங்கும் ஊசி’. ‘ஜோங்’கின் கடைசிக் கோடு ஊசி வகைக்குப் பாடப்புத்தக உதாரணம். தூரிகை இறங்கும்போதே மெல்ல மெல்ல அழுத்தம் குறைந்து, தாளை விட்டு எழும்பும் இடம் தெரியாமல் எழும்பவேண்டும். பேனாவிலும் இதைச் செய்யலாம். கோட்டை முடிக்கும்போது நிறுத்தாமல், இறங்கிய வேகத்திலேயே கையைத் தூக்கிவிடுங்கள். நான்கே கோடுள்ள எழுத்து என்று எளிதாக எண்ணவேண்டாம். கோடு குறைய குறையப் பிழையை ஒளித்துவைக்க இடம் இல்லாமல் போகிறது.

ஒலிக்கும் முறை

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யின் முறைக்கு 1958 பிப்ரவரியில் சீன நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அதை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் சோவ் யோகுவாங். அந்த முறையில் நம் எழுத்தை இசட், எச், ஓ, என், ஜி என்று எழுதுவார்கள். இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. இசட்டும் எச்சும் சேர்ந்து வந்தால் நம் கண் அதை ழகரமாகப் படித்துவிடும். தமிழை ரோமனில் எழுதும்போது நாம் அப்படித்தானே எழுதுகிறோம்! சீனத்தில் அது ழகரம் அல்ல. டகரத்துக்கு மடிப்பதுபோல் நுனிநாக்கை மேலே மடித்து வைத்துக்கொண்டு, ‘மச்சம்’ என்பதில் வரும் சகரத்தைச் சொல்ல முயன்றால் கிடைக்கும் ஒலி அது. நாக்கை மடித்துப் பேசுவது நமக்குப் பிறவிப் பழக்கம் என்பதால், பல நாட்டு மாணவர்கள் தடுமாறும் இந்த இடத்தை நாம் சீக்கிரம் தாண்டிவிடலாம்.

உயிரொலி ஓகாரத்தைவிட உகரத்துக்கு நெருக்கம். தமிழில் ‘ஜோங்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். வாயில் ‘ஜுங்’ என்று வந்தால் மகிழ்ச்சி. முடிவில் உள்ள ஙகர ஒற்று இன்னொரு சோதனை. ‘சங்கு’ என்று சொல்லத் தொடங்கி ‘கு’ வருவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள். அந்த நிறுத்தம்தான் வேண்டும். பின்னால் ‘க்’ ஒட்டக்கூடாது.

அடுத்தது தொனி. தமிழில் குரலை ஏற்றி இறக்குவது வாக்கியத்துக்கு உரியது. கேள்வி, வியப்பு, கோபம் எல்லாம் அதில் தெரியும். சீனத்தில் ஏற்ற இறக்கம் ஒவ்வோர் அசைக்கும் உரியது; அது மாறினால் சொல்லே மாறிவிடும். பெய்ஜிங் பேச்சை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சீனத்தில் நான்கு தொனிகள். நடு என்ற பொருளில் ‘ஜோங்’ முதல் தொனி: உயர்ந்த சுருதியில் தொடங்கி, ஏறாமல் இறங்காமல் அப்படியே முடியவேண்டும்.

இதே எழுத்துக்கு நான்காம் தொனியிலும் ஓர் உச்சரிப்பு உண்டு. அப்போது குரல் உயரத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே விழும், பொருளும் மாறும். நடு என்பது ‘நடுவில் போய்த் தைத்தல்’ ஆகிவிடுகிறது. அம்பு இலக்கைத் தைப்பது, தாக்கப்படுவது, அகப்படுவது எல்லாம் இதில் அடங்கும். பரிசுச்சீட்டில் பரிசு விழுந்தால் ‘ஜோங்ஜியாங்’. நஞ்சு தாக்கினால் ‘ஜோங்து’. கடும் வெயில் தாக்கி மயங்கினால் ‘ஜோங்ஷூ’. பக்கவாதம் வந்தால் ‘ஜோங்ஃபெங்’, அதாவது காற்றால் தாக்கப்படுதல். நம் ‘வாதம்’ என்ற சொல்லிலும் காற்று இருப்பதால் இது நினைவில் நிற்கும். கடையில் ஒரு சட்டை மனத்துக்குப் பிடித்துப்போனால் ‘கான்ஜோங்’: கண் போய் அதில் தைத்துவிட்டது. இந்த நான்காம் தொனிச் சொற்களைத் தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு கற்றுவைப்பது நல்லது. எழுத்துக்கு எப்போதும் ஒரே ஒலிதான் என்ற எண்ணம் அப்போதே விலகிவிடும்.

பயன்படுத்தும் முறை

எழுத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லாகப் படியுங்கள். நண்பகல் ‘ஜோங்வூ’. மையம் ‘ஜோங்ஷின்’, அதாவது நடு, நெஞ்சு என்ற இரண்டு எழுத்துகள். இடைப்பட்ட இடம் ‘ஜோங்ஜியன்’. தொடக்கப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்டது ‘ஜோங்ஷுவே’, நடுப்பள்ளி. சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் 15ஆம் நாள், முழுநிலவன்று வரும் திருவிழா ‘ஜோங்ச்சியூ’, இலையுதிர்காலத்தின் நடு. தேநீர்க் கடையில் பெரிய கோப்பை, நடுக்கோப்பை, சிறிய கோப்பை என்று மூன்று அளவு எழுதியிருந்தால், நடுவில் நிற்பது நம் எழுத்து.

நாட்டின் பெயரைச் சுருக்கும்போதும் இந்த ஓர் எழுத்தே போதும். சீன மொழி ‘ஜோங்வென்’, சீன மருத்துவம் ‘ஜோங்யீ’, சீன உணவு ‘ஜோங்ட்சான்’. நாளிதழ்த் தலைப்பில் ‘ஜோங்யின்’ என்று இரண்டே எழுத்து இருந்தால் அது சீன–இந்திய விவகாரம். இந்தியா அவர்களுக்கு ‘யின்து’. அப்படியென்றால் ‘ஜோங்ஷுவே’ சீனப் பள்ளி ஆகாதா, ‘ஜோங்யீ’ நடு மருத்துவம் ஆகாதா என்ற ஐயம் எழும். அதை எழுத்து தீர்க்காது, சொல்தான் தீர்க்கும். அதனால்தான் சொல்லாகப் படிக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது பயன்பாடு வேறு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்வது. ‘ஷின்ஜோங்’ என்றால் நெஞ்சுக்குள், ‘கோங்ஜோங்’ என்றால் வானவெளியில். நம் ‘-இல்’ உருபுபோல் இதை எங்கும் ஒட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். வீட்டுக்குள், பைக்குள், அறைக்குள் என்று அன்றாடப் பேச்சில் சொல்ல ‘லி’ என்ற வேறு சொல் இருக்கிறது. ‘ஜோங்’ எழுத்து நடைக்கும், நெஞ்சு, கனவு, வாழ்க்கை போன்றவற்றுக்கும் பொருந்தும். சாவி பைக்குள் இருக்கிறது என்று சொல்ல ‘ஜோங்’ போட்டால் பொருள் விளங்கும். காதுக்கு மட்டும் ஒட்டாது.

செயல் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் இதே ஒட்டு காட்டும். சீனச் செயலி ஒன்று திறக்கத் தாமதமானால் திரையில் ‘ஜியாட்சாய்ஜோங்’ என்று வரும்: ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது. கழிப்பறைக் கதவில் ‘ஷியோங்ஜோங்’ என்றிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். ஜப்பானிலும் இதே வழக்கம். கடை வாசலில் ‘எய்க்யோ-சூ’ என்ற பலகை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அறியலாம். கடைசியில் நிற்கும் ‘சூ’ நம் பெட்டியும் கோடும்தான். ஜப்பானியர்கள் இதை ‘நாகா’ என்றும் படிப்பார்கள். 1972 முதல் 1974 வரை அங்கே பிரதமராக இருந்த தனாகாவின் குடும்பப் பெயர், வயல், நடு என்ற இரண்டு எழுத்துகளால் ஆனது. சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென் ஜப்பானில் தலைமறைவாக இருந்தபோது நாகாயாமா என்ற அந்நாட்டுக் குடும்பப் பெயரைப் பயன்படுத்தினார். அந்த இரண்டு எழுத்துகளைச் சீனத்தில் படித்தால் ‘ஜோங்ஷான்’. சீனர்கள் அவரை இன்றும் சுன் ஜோங்ஷான் என்றே அழைக்கிறார்கள். 1925இல் அவர் இறந்ததும் அவர் பிறந்த சியாங்ஷான் மாவட்டத்துக்கும் அந்தப் பெயரே சூட்டப்பட்டது.

மலேசியத் தமிழர்களுக்கு இந்த எழுத்து முன்பே கண்ணில் பட்டிருக்கும். அங்குள்ள பல சீனப் பள்ளிகளின் பெயரில் வரும் ‘சுங் ஹுவா’வின் ‘சுங்’ இதுதான்; பழைய ரோமன் எழுத்துமுறையால் வேறுபோல் தெரிகிறது. மாஜோங் ஆட்டக் காய்களில் சிவப்பு நிறத்தில் பெரிதாக நிற்பதும் இதுவே. சீன வங்கியின் சின்னத்தையும் உற்றுப் பாருங்கள்: வட்ட நாணயம், நடுவில் சதுரம், அதன் மேலும் கீழும் ஒரு கோடு.

எங்கிருந்து வந்தது

ஹெனான் மாகாணத்து அன்யாங்கில் கிடைத்த, 3000 ஆண்டுகளுக்கு முந்தைய, எலும்பில் செதுக்கிய எழுத்துகளிலேயே ‘ஜோங்’ இருக்கிறது. அங்கே அது ஒரு கம்பம். இடையில் வட்டமோ பெட்டியோ. சில வடிவங்களில் மேலும் கீழும் காற்றில் பறக்கும் துணிப்பட்டைகள். மக்கள் கூடும் இடத்தின் நடுவில் நடப்பட்ட கொடிக்கம்பம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கி.பி. 100 வாக்கில் தன் புகழ்பெற்ற அகராதியை முடித்த சூ ஷென், இதை ‘உள்’ என்று பொருள் சொல்லி, மேலும் கீழும் ஊடுருவும் கோடு என்று விளக்கினார். எலும்பு எழுத்துகள் அவர் காலத்தில் மண்ணுக்குள் இருந்தன.

ஷான்ஷி மாகாணத்துப் பாவோஜியில் 1963இல் ஒரு வெண்கலக் கலம் கிடைத்தது. அதன் உட்புற அடியில் எழுத்துகள் இருப்பது 1975இல் துரு நீக்கியபோதுதான் தெரியவந்தது. சோவ் அரச மரபின் தொடக்க காலத்தைச் சேர்ந்த அந்த வாசகத்தில் ‘ஜோங்குவோ’ என்ற சொல் வருகிறது. கிடைத்தவற்றில் அதுவே மிகப் பழையது. ஆனால் அங்கே அது இன்றைய சீனாவைக் குறிக்கவில்லை. லோயாங் நகரைச் சுற்றியிருந்த நடுப்பகுதியைத்தான் குறிக்கிறது. ‘நடுச் சமவெளி’ என்று பெயர்பெற்ற அந்த ஹெனான் வட்டாரத்தில் இன்றும் ‘சரி’ என்பதற்கு ‘ஜோங்!’ என்கிறார்கள்.

ஒன்று தெரிந்தால் ஆறு

நெஞ்சு என்ற எழுத்தின் தலையில் ‘ஜோங்’கை ஏற்றினால் விசுவாசம், ஒலி அதே ‘ஜோங்’. இங்கே கீழே இன்னோர் உறுப்பு இருப்பதால் ஊசிக்கோட்டை நீட்டக்கூடாது, குறுக்கிவிடவேண்டும். இடப்பக்கம் உலோக உறுப்பு சேர்ந்தால் கடிகாரம், மணி. தானிய உறுப்பு சேர்ந்தால் விதை. தொனி மட்டும் மூன்றாவது. உடல் உறுப்பு சேர்ந்தால் வீக்கம். மனித உறுப்பு சேர்ந்தால் உடன்பிறந்தோரில் இரண்டாமவர். இரண்டு புள்ளிகளாலான பனி உறுப்பு சேர்ந்தால் ‘ச்சோங்’, பாய்தல். ஒலி சற்று நகர்ந்துவிட்டது. ஒரு பாதி பொருளைக் காட்ட, மறுபாதி ஒலியைக் காட்டுகிறது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இவற்றில் கடிகாரம், விதை, வீக்கம் மூன்றும் தைவானிலும் ஹாங்காங்கிலும் வேறு வடிவில் இருக்கும். அங்கே ஒலியைக் காட்ட அதிகக் கோடுகள் கொண்ட பழைய உறுப்புகள் நிற்கின்றன. சீனப் பெருநிலத்தின் எழுத்துச் சீர்திருத்தம் அவற்றுக்குப் பதில் நான்கு கோட்டு ‘ஜோங்’கை வைத்தது. ‘ஜோங்’ மட்டும் எங்கும் மாறாமல் இருக்கிறது.

கைபேசியில் அந்த ஐந்து ரோமன் எழுத்துகளைத் தட்டினால் ‘ஜோங்’ என்று ஒலிக்கும் எழுத்துகள் வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டால் போதும். பிறகு கையால் எழுதிப் பழகுவது எதற்கு? பேனா எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று சீனர்களே புலம்புகிறார்கள். ‘தீபி வாங்ட்ஸி’ என்று அதற்கு ஒரு தொடரும் இருக்கிறது. பிறந்தது முதல் அந்த எழுத்துகளைப் பார்த்துவருபவர்களுக்கே அப்படியென்றால், புதிதாக வருபவர் கையால் எழுதியே ஆகவேண்டும். விதையையும் கடிகாரத்தையும் குழப்பாமல் பார்க்கும் கண், எழுதிய கைக்குத்தான் சீக்கிரம் வாய்க்கிறது.

‘ஜோங்’ பழகியதும் ‘குவோ’வுக்குப் போங்கள், நாட்டின் பெயர் முழுதாகும். அதிலும் ஒரு பெட்டி உண்டு, எட்டுக் கோடுகள். ஆனால் வரிசை வேறு. ‘ஜோங்’கில் பெட்டியை மூடிவிட்டுத்தான் நடுக்கோட்டை இறக்கினோம். ‘குவோ’வில் பெட்டியின் இடப்பக்கத்தையும், மேலும் வலமுமான மடங்கு கோட்டையும் போட்டு நிறுத்திவிடவேண்டும். பிறகு உள்ளே இருக்கும் ‘யூ’ என்ற பச்சைமணிக் கல்லின் ஐந்து கோடுகள். அடியை மூடும் கோடு எல்லாவற்றுக்கும் கடைசி.